"ஸ்டடி பண்றோம், கையெழுத்துப் போடுங்க": ஆராய்ச்சி பற்றிச் சைதாப்பேட்டையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் படித்ததில்லை. ஆனாலும் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது நெறிமுறைக் குழுவில், ஆறு வருஷமாகப் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். யாருடைய ஆய்வு, என்ன ஆய்வு என்பதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த விஷயம் அக்கம்பக்கத்தில் தெரிந்த நாளிலிருந்து தெருவில் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, மதுராந்தகத்தில் நிலம் வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரர், எம்.எஸ்சி. முடித்த பெண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படும் அம்மாக்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஜி.எச்.சில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, "ஒரு ஸ்டடி பண்றோம்மா, இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார். எதற்கு?

பெரும்பாலும் அது அவருடைய தீசிஸாக இருக்கும். எம்.டி., எம்.எஸ். படிக்கிறவர்கள் மூன்று வருஷத்துக்குள் ஒரு ஆய்வு செய்து, அதை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளை இருபத்துநாலு மணி நேர டியூட்டி முடித்து, சாப்பிடாமல் உங்கள் முன்னால் நிற்கிறதாக இருக்கலாம். அவசரமாகப் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்காக அவசரமாகக் கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் அதிகமானவை பார்த்துக் குறித்துக்கொள்ளும் வகை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, கால் மரத்துப் போகிறதா, எத்தனை வருஷமாக மாத்திரை என்று கேட்பார்கள். எப்படியும் எடுக்கிற ரத்தத்தோடு கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள். இன்னொரு வகை, இரண்டு மருந்தையோ இரண்டு அறுவை முறையையோ ஒப்பிட்டுப் பார்ப்பது. இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: "இந்த ஸ்டடியில சேர்ந்தா எனக்கு நடக்கிற வைத்தியத்துல ஏதாவது மாறுமா?" மாறாது என்றால் அரை மணி நேர விஷயம். மாறும் என்றால் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும் கேட்கலாம்.

முடியாது என்று சொன்னால் வைத்தியத்தைக் கெடுத்துவிடுவார்களா?

கூடாது. சேர மறுத்தாலும், சேர்ந்த பிறகு பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடர வேண்டும். ஏன் விலகினீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. "மேடம் கோபப்படுவாங்க" என்று யாராவது சொன்னால், படிவத்திலேயே கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கும். அதற்குப் பேசுங்கள். அந்த எண் அங்கே அச்சாகியிருப்பது அதற்காகத்தான்.

படிவம் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் புரியவில்லையே, டீச்சர்?

குற்றம் உங்கள்மேல் இல்லை. ஆறு வருஷமாக என் வேலையில் பாதி இந்தத் தமிழோடு மல்லுக்கட்டுவதுதான். ஆங்கிலப் படிவத்தை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒன்றில், "நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்" என்று இருந்தது. நோயோடு வந்தவரிடம் 'உன்னை ஒழுங்கில்லாமல் ஒதுக்கிவைக்கப் போகிறோம்' என்றால் எவர் கையெழுத்துப் போடுவார்? சொல்ல வந்த விஷயம் எளிமையானது: இரண்டு மருந்தில் யாருக்கு எது என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டர் தேர்ந்தெடுத்தால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவர்களுக்கெல்லாம் புது மருந்தைக் கொடுத்துவிட்டு, மருந்து பிரமாதம் என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் குலுக்கல்.

இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது. தலைப்பிலேயே "இரட்டைக் குருட்டு ஆய்வு". யாருக்கு எந்தச் சொட்டு மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, கண்ணைச் சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். கண் வலி என்று வந்தவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டியிருந்தால் எழும்பூர்வரைக்கும் ஓடியிருப்பார். 'மருந்துப்போலி' என்பது நல்ல சொல்தான். ஆனால் அதைப் 'போலி மருந்து' என்று படித்துவிட்டு, போலீசுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டவரும் உண்டு. 'பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத மாத்திரை' என்று விரித்து எழுதுங்கள் என்பேன். ஒரு வரி கூடும், கூடட்டும். அப்புறம், '10 மி.லி. ரத்தம்' என்றால் ஏதோ பாட்டில் கணக்கு என்று பயப்படுகிறார்கள். இரண்டு டீஸ்பூன், அவ்வளவுதான். அதையும் எழுதச் சொல்வேன்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சந்தேகமாக இருக்கிற வாக்கியத்தை இஸ்திரி அக்காவிடம் வாசித்துக் காட்டி, "என்ன புரியுதுக்கா?" என்று கேட்பேன். அவர் திருப்பிச் சொல்வது டாக்டர் சொல்ல நினைத்ததோடு பொருந்தவில்லை என்றால் அந்த வாக்கியம் கமிட்டிக்கூட்டத்தில் தப்பாது.

நீங்கள் படிக்கும்போது தேட வேண்டியவை: எதற்காக இந்த ஆய்வு, எனக்கு என்னென்ன செய்வார்கள், எத்தனை தடவை வர வேண்டும், என்ன கெடுதல் வரலாம், சேராவிட்டால் வேறு என்ன வைத்தியம் இருக்கிறது, செலவு யாருடையது. கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். நான் பார்த்தவரைக்கும் அதிகமாகத் தவறிப்போவது அந்த நகல்தான். கேட்டு வாங்குங்கள்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வாங்கிக்கொள்வார்களா?

வாங்கலாம். ஆனால் முழுவதையும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து அவரும் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் நிற்கும் அதே குழுவின் நர்ஸ் சாட்சியாக முடியாது. சில புது மருந்துப் பரிசோதனைகளில், எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கும்போது ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

குழந்தை என்றால்?

பெற்றோர் கையெழுத்து அவசியம். அதோடு ஏழு வயது தாண்டிய குழந்தையிடமும் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் அதையும் எழுத்தில் வாங்க வேண்டும். இது ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ஊசியைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிற பையனைப் பிடித்து உட்காரவைத்து 'சம்மதம் வாங்கப்பட்டது' என்று எழுதுவது சம்மதம் ஆகாது.

பணம் தருவார்களா?

வந்து போகிற செலவும், அன்றைய கூலி போனால் அதற்கு ஈடும் தரலாம். அதற்கு மேல் பெரிய தொகை என்றால் நாங்களே கேள்வி கேட்போம். காசுக்காக ஒருவர் ஆபத்தை விழுங்கிவிடக் கூடாதே. இதற்கு விதிவிலக்கு மாதிரி ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கிற மருந்தின் இன்னொரு தயாரிப்பு உடம்பில் அதே அளவு சேர்கிறதா என்று ஆரோக்கியமானவர்களிடம் பார்ப்பார்கள். இரண்டு நாள் தங்கவைத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, பணம் கொடுப்பார்கள். நம் தெருப் பையன்கள் சிலர் போயிருக்கிறார்கள் என்று கேள்வி. போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: ஒரு இடத்தில் முடித்த மறுவாரமே இன்னொரு இடத்துக்குப் போவது. கெடுதல் ஆய்வுக்கு மட்டுமல்ல, உங்கள் உடம்புக்கும்தான்.

மருந்துப் பரிசோதனையால் உடம்புக்குக் கெடுதல் நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும், ஆய்வால்தான் வந்தது என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் சொல்கின்றன. ஆய்வால் வரவில்லை என்று உறுதியாகிறவரைக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அந்தக் கமிட்டியில் நீங்கள் எல்லாம் என்னதான் செய்கிறீர்கள்?

மாதம் ஒரு கூட்டம். டீ, சமோசா உண்டு. மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கிற குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் பாதிப் பேர் அந்தக் கல்லூரிக்கு வெளியே இருந்து வர வேண்டும், தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூகவியல் மாதிரியான துறையிலிருந்து ஒருவர், ஒரு பெண்ணாவது, அப்புறம் என்னைப் போல மருத்துவம் தெரியாத ஒருவர். விதிகள் நன்றாகவே இருக்கின்றன. என் குறை வேறு. இருநூறு பக்கக் கோப்புகள் நாலைந்தை முதல் நாள் சாயங்காலம் அனுப்பிவிட்டு, நாளைக்குக் கருத்துச் சொல்லுங்கள் என்பார்கள். ஒருதடவை நான் படிக்காமலே போய், "படிக்கவில்லை, அதனால் சம்மதமும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு வாரம் முன்னாடியே வருகிறது.

ஆய்வு உண்மையானதுதானா என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது?

இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை ஒரு பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அதற்கு சி.டி.ஆர்.ஐ. என்று பெயர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. பி.ஜி. தீசிஸ்கள்கூட நிறையப் பதிவாகியிருக்கின்றன. படிவத்தில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், எதை அளக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் ஆரம்பிக்கும் முன்பே எழுதிவைத்துவிடுவதால், பிறகு வசதிக்கு ஏற்ப மாற்றிச் சொல்ல முடியாது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? தீசிஸ் எல்லாம் அலமாரியில் தூங்கத்தானே போகிறது?

பாதிக்கு மேல் தூங்கும் என்பது என் அனுமானமும்கூட. ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் சென்னையில் வைத்துக் கேட்டால் நான் சும்மா விடமாட்டேன்.

1986-க்கு முன்னால் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்கிற மாணவியிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் தீசிஸுக்காக இதைப் பார்க்கச் சொன்னார். பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து எடுத்த ரத்தத்தை நிர்மலா வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார். ஆறு பேருக்கு இருந்தது. நாட்டின் ரத்த வங்கிகளும் மருத்துவமனைகளும் விழித்துக்கொண்டது இந்த ஒரு பி.ஜி. தீசிஸிலிருந்துதான். எனக்கு இதில் ஒரு உறுத்தலும் உண்டு. அந்தப் பெண்களில் பலர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். அடைபட்டிருக்கும் ஒருத்தி 'முடியாது' என்று சொல்ல முடியுமா? இன்றைக்கு அந்த ஆய்வு எங்கள் மேசைக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அதற்கும் முன்னால் சேத்துப்பட்டு. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை ஆரம்பித்தார்கள். அது ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது இல்லை; ஐ.சி.எம்.ஆர்., அன்றைய மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து தொடங்கியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு படுக்கைக்கு இந்தியாவில் எங்கே போவது? சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே மாத்திரையோடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. பிறகு, வாரம் இரண்டு நாள் ஊழியர் கண்ணெதிரில் மருந்து கொடுத்தால் போதுமா என்றும் இங்கேதான் பார்த்தார்கள். 'டாட்ஸ்' என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுவரில் எழுதியிருந்ததே, அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது. அன்றைக்குச் சரி என்று தலையாட்டிய அந்தக் குடும்பங்களின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது.

மருந்து மட்டுமல்ல. நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்கிற புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1950களில் சொன்னவர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். கூட உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. பார்ப்பதற்குத் தேவையான கொலாஜனைப் பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வாங்கினார்கள். அவர்கள் பார்த்தவற்றில் கங்காருவின் வால் தசைநாணும் ஒன்று! புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம் என்று காட்டுவதற்கு 1963-இல் அவருடைய குழு போட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இல்லாமல் இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வுக்கூடமும் ஒரு புரத வடிவத்தைச் சரி என்று ஒப்புக்கொள்வதில்லை. அடையாற்றுப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த மதில்சுவரைத் தினமும் தாண்டித்தான் போகிறார்கள்.

எனக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை என்ன செய்வார்கள்?

படிவத்தில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்க வேண்டும்: மிச்சத்தை வைத்திருந்து பின்னால் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, கூடாதா. இதற்குச் சரி, அதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. குழாயில் உங்கள் பெயர் இருக்காது, ஒரு எண் இருக்கும். முடிவை உங்களிடம் சொல்வார்களா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஆய்வில் நிரூபணம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா? நிலவேம்பு விஷயத்தில் என்ன?

மூன்று கேள்வி கேளுங்கள். எதில் பார்த்தார்கள்: கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? எதோடு ஒப்பிட்டு? தட்டில் இருக்கும் புற்றுச் செல் கொதிநீர் ஊற்றினாலும் சாகும். அதனால் கொதிநீர் புற்றுநோய் மருந்தாகிவிடாது. 'ஆய்வில் கண்டுபிடித்தார்கள்' என்று வருவதில் நிறைய இந்த முதல் படியிலேயே நிற்பவை.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து. டெங்கு பரவிய 2012-இல் அரசே ஆஸ்பத்திரிகளில் காய்ச்சிக் கொடுத்தது, பிறகும் கொடுத்துவருகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கேயும் இதே எத்திக்ஸ் கமிட்டி, இதே பதிவேடு. பாட்டி கொடுத்ததால் சோதிக்க வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது, பாட்டி கொடுத்தது என்பதாலேயே சிரிப்பவர்களோடும் ஒத்துவராது. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் குடிநீரோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இதில் மட்டும் எனக்கு அபிப்பிராய பேதமே கிடையாது.

நம்ம ஊர் மூலிகையை யாராவது எடுத்துக்கொண்டு போய் பேடண்ட் வாங்கிவிட்டால்?

மஞ்சளுக்கு அது நடந்தது. காயத்துக்கு மஞ்சள் போடுவதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளைக் காட்டி வழக்காட, 1997-இல் ரத்தானது. அதன் பிறகு 2002-இல் உயிரியல் பன்மயச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசிய உயிரியல் பன்மய ஆணையம் டெல்லியில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? தரமணியில் இருக்கிறது, 2003 முதல். இந்தியச் செடி, விதை, நுண்ணுயிர் எதையாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு போகும் வெளிநாட்டார் அங்கே அனுமதி வாங்க வேண்டும். லாபம் வந்தால் அதைக் காத்துவந்த உள்ளூர் மக்களோடு பங்கு போட வேண்டும்.

விவசாய ஆராய்ச்சி என்றால் கோயம்புத்தூர்தானே, சென்னையில் என்ன இருக்கிறது?

சைதாப்பேட்டைக்காரியிடம் இதைக் கேட்கலாமா! கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூர்வீகமே இங்கேதான். 1868-இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த விவசாயப் பள்ளி 1906 வாக்கில்தான் கோவைக்குப் போனது. அது பல்கலைக்கழகமானது 1971-இல். சரி, பழம்பெருமை போதும்.

இப்போதும் திருவள்ளூர் பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று நெல் ரகங்களுக்குப் பெயர் வருவது அந்த ஊரால்தான். ஆடுதுறை என்றால் ஏ.டி.டி., கோவை என்றால் கோ, அதே கணக்கு. அங்கே வந்த டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைத் தங்கள் ரகத்தோடு ஒட்டித்தான் ஐ.ஆர். 20 எடுத்தது. நாம் வருஷக்கணக்காகச் சாப்பிட்ட ஐ.ஆர். இருபதுக்கு ஒரு பக்கத்துத் தாத்தா நம் பக்கத்து ஊர்க்காரர்.

கீழ்வீட்டுக்காரர் கேட்டது: "புது ரகம்னு கடையில தர்றான், நம்பி விதைக்கலாமா?"

பல்கலைக்கழக ரகம் ஒன்று வெளிவருவதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் பிடிக்கும். முதலில் ஆராய்ச்சி நிலையத்து வயலில், அப்புறம் பல ஊர் நிலையங்களில், கடைசியாக விவசாயிகளின் சொந்த வயலிலேயே, அவர்கள் ஏற்கெனவே போடும் ரகத்துக்குப் பக்கத்தில் வைத்து விளைச்சல் பார்ப்பார்கள். வயலில் தோற்றால் ரகம் வெளிவராது. அதனால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் 'புதுசு சார்' என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது மூட்டையில் தொங்கும் அட்டை. மஞ்சள் அட்டை, ரகத்தை உருவாக்கியவர்கள் தரும் வல்லுநர் விதை; வெள்ளை, அதிலிருந்து பெருக்கிய ஆதார விதை; நீலம், அதையும் பெருக்கிச் சான்று பெற்ற சான்று விதை. விவசாயிக்கு வேண்டியது நீலம். வெளிர் பச்சை அட்டை என்றால் 'உண்மை நிலை விதை'. அதன் தரத்துக்கு விற்கிறவர்தான் பொறுப்பு, சான்றளிப்புத் துறை வயலுக்கு வந்து பார்த்திருக்காது. மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நெல் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். நூறு விதையை ஈரத்துணியில் கட்டிவைத்து எண்ணிப் பார்க்க நமக்கென்ன பல்கலைக்கழகமா வேண்டும்?

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் எங்கள் நாயை வைத்து ஆராய்ச்சி செய்துவிடுவார்களோ?

உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது. அங்கே இருப்பது 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி; 1989 முதல் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. படிக்கும் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள், அது ஆராய்ச்சி இல்லை, பாடம். எலி, முயல் போன்றவற்றை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு எங்களுடையதைப் போலவே விலங்குகளுக்கான தனிக் கமிட்டி உண்டு; குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி என்று அவர்கள் கணக்குக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கன்றுக்குட்டியின் தோலிலிருந்துதான் பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் எடுத்தார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-இல் உருவானதே அதற்காகத்தான்.

மழை நின்று தெருவில் தண்ணீர் தேங்கியதும் வரும் எலிக்காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். கிருமி எலியின் மூத்திரத்தில், மாட்டின் மூத்திரத்தில். காய்ச்சல் நம் பிள்ளைக்கு. அதை ஆராயும் வேலை மனித டாக்டரோடு முடிவதில்லை. அப்புறம் ஒரு சின்னச் சந்தோஷம்: 'நந்தனம் கோழி', 'நந்தனம் காடை' என்று பண்ணைக்காரர்கள் சொல்வது நம் நந்தனத்தின் பெயர்தான். அங்கே இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த இனங்கள் அவை. இன்றைக்கு அந்தப் பக்கம் மெட்ரோ ஏறுகிறவர்களிடம் சொன்னால் நம்புவார்களா!

மகள் எம்.எஸ்சி. பயோடெக் முடித்தாள். பிஎச்.டி. என்கிறாள். சோறு போடுமா?

ஃபெல்லோஷிப் கிடைத்தால் போடும். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில், ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. உயிரித் தொழில்நுட்பத் துறையும் தனித் தேர்வு வைத்து ஜே.ஆர்.எஃப். தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் தளர்வு உண்டு. மாதாமாதம் பணம் வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். என் தங்கை மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் எட்டு மாதம் வராத ஃபெல்லோஷிப்புக்காகக் காத்திருந்து, ஹாஸ்டல் பணத்துக்கு என்னிடம் வந்தாள். மொத்தமாக வந்தது, ஆனால் எட்டு மாதம் கழித்து.

ஃபெல்லோஷிப்பைவிடப் பெரியது கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். சேரும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள்: எத்தனை வருஷம் ஆனது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வரச் சொன்னாரா. அவர் கையில் முடிந்த தீசிஸ்களை 'ஷோத்கங்கா' என்கிற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நாலு தீசிஸைப் புரட்டினால் ஆளைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இஸ்திரி அக்கா கேட்டது: "இவ்ளோ கேக்குறனே டீச்சர், நானும் அந்தக் கமிட்டியில உக்காரலாமா?"

பொதுமக்கள் உறுப்பினர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக, கடந்த ஐந்து வருஷமாக மருத்துவத் துறையில் வேலை செய்யாதவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அக்கா எட்டாவது படித்தவர். கோப்பு ஆங்கிலத்தில் வரும் என்றேன். "தமிழ்ல இருக்கிறத நான் பாக்குறேன், மீதிய வக்கீல் பாக்கட்டும்" என்றார். செயலாளரிடம் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டார். செவ்வாய் மத்தியானம் என்றேன்.

"திங்கக்கிழமைதான் துணி ஜாஸ்தி. செவ்வா பரவால்ல."